ஒரு ஆர்டர், எத்தனை எண்ணிக்கை? கிளவுட் இன்டெக்ரேஷன் தளத்துக்கு லைசென்ஸ் எடுக்கும்முன்

"இன்டெக்ரேஷன் தளம் வாங்கப் போகிறோம், எந்த லைசென்ஸ் எடுக்கலாம்?" என்று யாராவது கேட்டால் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "உங்களுக்கு ஒரு ஆர்டர் வந்தால் அது எத்தனை தடவை எண்ணப்படும்?" பெரும்பாலும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் விலைப்பட்டியலைத் திறந்தால், கண்ணில் படும் எண்கள் எதுவும் உங்களுடைய எண்கள் இல்லை.

துறைக்குப் புதியவர்களுக்காக ஒரு வரி. ஒரு மென்பொருளில் இருக்கும் தகவலை இன்னொரு மென்பொருளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்தத் தளங்களின் வேலை. ஆன்லைன் கடையில் விழுந்த ஆர்டர் கணக்கு மென்பொருளுக்குப் போக வேண்டும், கிடங்குக்குத் தெரிய வேண்டும், வாடிக்கையாளருக்கு மெயில் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக கோட் எழுதாமல், கிளவுடில் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஃப்ளோக்களை, அதாவது தகவல் போகும் வழிகளை, அமைத்து ஓட்டுகிறோம். இதுவரை சிக்கல் ஒன்றும் இல்லை. விலை கேட்கும்போதுதான் சிக்கல். ஒருவர் லிட்டர் கணக்கில் விலை சொல்வார், அடுத்தவர் கிலோமீட்டர் கணக்கில் சொல்வார், மூன்றாமவர் வண்டியில் எத்தனை கதவு என்று கேட்பார். எது மலிவு என்று பார்க்க வேண்டுமானால் மூன்றையும் உங்கள் பயணத்துக்கு மாற்றித்தான் பார்க்க முடியும்.

படி 1: முதலில் உங்கள் ஃப்ளோக்களை எழுதுங்கள்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். ஒரு வரிக்கு ஒரு ஃப்ளோ. எங்கிருந்து, எங்கே, ஒரு நாளைக்கு எத்தனை ரெக்கார்டு, ஒன்றின் சராசரி அளவு எத்தனை கிலோபைட், நடுவில் எத்தனை படி, உடனுக்குடன் போக வேண்டுமா, இரவில் மொத்தமாகப் போனால் போதுமா. இவ்வளவும் எல்லோரும் எழுதிவிடுவார்கள்.

விட்டுப்போவது வேறு மூன்று. ஒன்று, உச்ச நேரம்: மாதக் கடைசியிலோ விற்பனை நாளிலோ ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு வரும்? இரண்டு, மிகப் பெரிய ரெக்கார்டின் அளவு. சராசரி 4 கே.பி.யாக இருக்கலாம், இன்வாய்ஸோடு ஸ்கேன் செய்த படம் ஒட்டி வரும் நாளில் அதுவே 3 எம்.பி. ஆகிவிடும். மூன்று, தோல்வி: நூறில் எத்தனை முதல் தடவையிலேயே போய்ச் சேர்கிறது? இதற்கு யாரிடமும் எண் இருக்காது. பரவாயில்லை, பழைய ஓட்டப் பதிவான லாக்கைத் திறந்து ஒரு வாரத்தை எண்ணிப் பாருங்கள். இந்த மூன்று எண்ணும் பின்னால் பில்லை எங்கேயோ கொண்டுபோய்விடும்.

இந்த ஷீட்டைத் தயாரிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். சேல்ஸ் ஆளுடன் முதல் மீட்டிங் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். முடிக்காமல் போனால் அவர் தன்னுடைய ஷீட்டைத் திறப்பார்.

படி 2: எந்த மீட்டர் ஓடுகிறது என்று பாருங்கள்

லைசென்ஸ் தேர்வு என்பது உண்மையில் மீட்டர் தேர்வு. உங்கள் வேலையின் எந்தப் பக்கத்தை அளந்து காசு வாங்குகிறார்கள் என்பதுதான் அடிப்படை. சந்தையில் இருக்கும் தளங்களைப் பார்த்தால் ஐந்தாறு வகை மீட்டர் தெரியும்.

முழு ஓட்டத்தையும் ஒன்றாக எண்ணுவது முதல் வகை. என்8என் கிளவுட் இப்படி. ஒரு ஃப்ளோ தொடங்கி முடிந்தால் அது ஒரு எக்ஸிக்யூஷன். உள்ளே மூன்று படி இருந்தாலும் முப்பது இருந்தாலும் ஒன்றுதான்.

படிகளை எண்ணுவது இரண்டாவது வகை. ஸேப்பியரில் வெற்றிகரமாக நடந்த ஒவ்வொரு ஆக்‌ஷனும் ஒரு டாஸ்க். ஃப்ளோவைத் தொடங்கிவைக்கும் ட்ரிக்கரும், வேண்டாததை வடிகட்டும் ஃபில்டரும் கணக்கில் வராது. மேக் (Make) தளத்திலோ ஏறத்தாழ ஒவ்வொரு மாட்யூல் (அங்கே படிக்கு அந்தப் பெயர்) ஓடுவதும் கணக்கு, "புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா" என்று ட்ரிக்கர் எட்டிப் பார்ப்பதும் கணக்கு. அஸூர் லாஜிக் ஆப்ஸின் கன்சம்ப்ஷன் திட்டமும் இதே குடும்பம்தான். மாதத்துக்கு முதல் 4,000 பில்ட்-இன் ஆக்‌ஷன்கள் இலவசம், அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் காசு. ஒரு சிஸ்டத்தோடு பேச உதவும் கனெக்டர் சாதாரணமா, எண்டர்பிரைஸா என்பதைப் பொறுத்து விலை மாறும். மேலே சொன்ன மூன்றையும் "படிக்கு இவ்வளவு" என்று ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடலாம். ஆனால் ட்ரிக்கரை எண்ணுகிறார்களா இல்லையா என்ற ஒரே வித்தியாசத்தில் பில் இரண்டு மடங்கு ஆவதை நான் பார்த்திருக்கிறேன்.

மெசேஜை எண்ணுவது மூன்றாவது வகை. இங்கே அளவும் சேர்ந்துகொள்ளும். எஸ்.ஏ.பி.யின் கிளவுட் இன்டெக்ரேஷனில் ஒரு மெசேஜ் என்றால் 250 கே.பி. வரை. ஆரக்கிள் இன்டெக்ரேஷனில் 50 கே.பி. வரை. 120 கே.பி. அளவுள்ள ஒரு தகவல் முதலாவதில் ஒன்று, இரண்டாவதில் மூன்று. பெயர் இரண்டு இடத்திலும் "மெசேஜ்"தான்! ஆரக்கிளில் ஒரு மெசேஜ் பேக் மணிக்கு 5,000 மெசேஜ் என்ற கணக்கில் விற்கப்படுகிறது. அதனால்தான் ஷீட்டில் உச்ச மணி நேரத்தையும் எழுதச் சொன்னேன்.

இணைப்பை எண்ணுவது நான்காவது வகை. 2021 வரை டெல் நிறுவனத்தின் கையில் இருந்த பூமி (Boomi) தளம் பல காலமாக இப்படி விற்றுவருகிறது. எத்தனை சிஸ்டங்களோடு பேசுகிறீர்கள் என்பதுதான் அளவுகோல். அந்த இணைப்பு வழியாக ஒரு நாளைக்கு நூறு ரெக்கார்டு போகிறதா, லட்சம் போகிறதா என்பது இரண்டாம்பட்சம்.

ஐந்தாவது, இயந்திரத்தின் கொள்ளளவை விற்பது. மியூல்சாஃப்டின் வி-கோர் (ஒரு பங்கு கணினித் திறன்) லைசென்ஸ் இதற்கு நல்ல உதாரணம். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். ஒரு அப்ளிகேஷனுக்குக் கொடுக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு 0.1 வி-கோர். "நம்ம ஃப்ளோ சின்னதுதானே, ஒரு வி-கோரில் பத்து ஓட்டலாம்" என்று தோன்றும். அந்தத் தளம் பரிந்துரைக்கும் வடிவமைப்புப்படி ஒரு வேலையை மூன்று அடுக்கு ஏ.பி.ஐ.களாக, அதாவது மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வாசல்களாக, பிரிப்பீர்கள்: பயனருக்கு ஒன்று, நடுவில் ஒன்று, சிஸ்டத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனி அப்ளிகேஷன், ஆக 0.3. ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்க வேண்டும் என்று இரண்டிரண்டாக ஓட்டினால் 0.6. ஒரே ஒரு வேலைக்கே ஒரு வி-கோரில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். வடிவமைப்பில் தவறில்லை, அந்த வடிவமைப்புக்கு இந்த மீட்டர் இப்படித்தான் ஓடும் என்று வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 2023 முதல் அதே நிறுவனம் ஃப்ளோ எண்ணிக்கையும் மெசேஜ் எண்ணிக்கையும் வைத்து இன்னொரு விலைமுறையையும் தருகிறது. உங்களுக்கு எது கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

லாஜிக் ஆப்ஸின் ஸ்டாண்டர்ட் திட்டமும் கொள்ளளவு வகைதான். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இயந்திரத்துக்கு வாடகை உண்டு. பில்ட்-இன் கனெக்டர்கள் அந்த வாடகைக்குள்ளேயே அடங்கும். மைக்ரோசாஃப்ட் நிர்வகிக்கும் கனெக்டர்களைக் கூப்பிட்டால் தனிக் காசு.

ஆள் கணக்கில் விற்பதும் உண்டு, பவர் ஆட்டோமேட்டில் இருப்பதைப் போல. ஊழியர்கள் தங்கள் சொந்த வேலைக்கு ஃப்ளோ போட்டுக்கொள்ள அது பொருத்தம். பின்னணியில் சிஸ்டமும் சிஸ்டமும் பேசும் வேலைக்கு அந்த லைசென்ஸைக் கொண்டுவந்து ஒட்டவைக்காதீர்கள். அங்கேயே ப்ராசஸ் கணக்கில் வேறு லைசென்ஸ் இருக்கிறது.

படி 3: ஒரே ஃப்ளோவை எல்லா மீட்டரிலும் ஓட்டிப் பாருங்கள்

இப்போது ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 2,000 ஆர்டர், ஒவ்வொன்றும் 4 கே.பி. ஆர்டர் விழுந்ததும் கடையே வெப்ஹூக் வழியாகத் தகவல் தள்ளுகிறது. அதற்குப் பின் நான்கு படி: வாடிக்கையாளர் விவரம் எடுப்பது, கணக்கு மென்பொருளில் பதிவது, கிடங்குக்குச் சொல்வது, மெயில் அனுப்புவது. முப்பது நாள் மாதத்துக்கு 60,000 ஆர்டர்.

ஓட்டத்தை எண்ணும் மீட்டரில் இது 60,000. படியை எண்ணி ட்ரிக்கரை விட்டுவிடும் மீட்டரில் 2,40,000. ட்ரிக்கரையும் எண்ணும் மீட்டரில் 3,00,000. இணைப்பை எண்ணும் மீட்டரில் வெறும் 5: கடை, வாடிக்கையாளர் தரவு, கணக்கு, கிடங்கு, மெயில். நாளைக்கு ஆர்டர் பத்து மடங்கு ஆனாலும் அந்த 5 அப்படியே நிற்கும். கொள்ளளவு மீட்டரில் சராசரியாக மணிக்கு 84 ஆர்டர்கூட இல்லை. இருப்பதிலேயே சின்ன இயந்திரமும் பாதி நேரம் தூங்கும், வாடகை மட்டும் ஓடும். மெசேஜ் மீட்டரில் பதில் "யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது". உள்ளே வருவதை மட்டும் எண்ணினால் 60,000. வெளியே போவதை ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனியாக எண்ணினால் அதன் பல மடங்கு.

இனி அதே வேலையை இரவில் ஒரே ஃபைலாக அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். 2,000 ஆர்டரும் சேர்ந்து 8,000 கே.பி. ஓட்டக் கணக்கு மாதத்துக்கு 30 ஆகச் சுருங்கிவிட்டது. 50 கே.பி. மெசேஜ் கணக்கில் ஃபைல் உள்ளே வருவது ஒரு இரவுக்கு 160, மாதத்துக்கு 4,800. 250 கே.பி. கணக்கில் இரவுக்கு 32, மாதத்துக்கு 960. ஆனால் படியை எண்ணும் மீட்டரில்? ஃபைலைப் பிரித்து ஆர்டர் ஆர்டராக லூப் போட்டால் ஒரு இரவுக்கு 8,000 படி, மாதக் கடைசியில் பழையபடி அதே 2,40,000. அந்த மீட்டருக்கு நீங்கள் பகலில் அனுப்பினாலும் ஒன்றுதான், ராத்திரி அனுப்பினாலும் ஒன்றுதான்.

ஆக, லைசென்ஸ் வாங்கிவிட்டு டிசைன் செய்வதும் கூடாது, டிசைன் முடித்துவிட்டு லைசென்ஸ் பார்ப்பதும் கூடாது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பேச வேண்டும். இரவு ஃபைல் மலிவு என்பதற்காக வாடிக்கையாளருக்கு மறுநாள் காலைதான் மெயில் போகும் என்றால் அதை வியாபாரம் பார்க்கிறவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். டெக்னிக்கல் ஆள் தனியாக எடுக்கிற முடிவு இல்லை இது.

இந்தக் கணக்கை உங்கள் ஷீட்டின் முதல் ஐந்து பெரிய ஃப்ளோக்களுக்குச் செய்தால் போதும். மற்றவை பெரும்பாலும் சில்லறை. எந்த மீட்டர் உங்களுக்கு என்று தானாகவே தெரிய ஆரம்பிக்கும். நான் பார்த்தவரை, சிஸ்டங்கள் கொஞ்சம், போக்குவரத்து அதிகம் என்றால் இணைப்பு அல்லது கொள்ளளவு மீட்டர் லாபம். சிஸ்டங்கள் நிறைய, ஒவ்வொன்றிலும் போக்குவரத்து கொஞ்சம் என்றால் பயன்பாட்டுக் கணக்கு லாபம். ஃப்ளோ நீளமாக, படி அதிகமாக இருந்தால் படிக்குப் படி காசு வாங்கும் இடத்திலிருந்து தள்ளி நில்லுங்கள்.

படி 4: கண்ணுக்குத் தெரியாத பெருக்கல்கள்

மேலே போட்டது எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளின் கணக்கு. பில் வீங்குவது வேறு இடங்களில்.

போலிங் முதல் ஆள். கடையில் வெப்ஹூக் வசதி இல்லை என்றால் தளமே நிமிடத்துக்கு ஒரு தடவை போய்க் கேட்கும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் மாதத்துக்கு 43,200. அந்த மாதம் ஒரு ஆர்டர்கூட வராவிட்டாலும் 43,200தான். லாஜிக் ஆப்ஸ் கன்சம்ப்ஷன் திட்டத்தில் எதுவும் கிடைக்காமல் திரும்பிய போலிங்கும் மீட்டரில் ஏறும். இப்படி 12 ஃப்ளோ இருந்தால் 5,18,400. கால் மணிக்கு ஒரு தடவை என்று மாற்றினால் ஒரு ஃப்ளோவுக்கு 2,880 ஆகிவிடும். "ரியல் டைம் வேண்டும்" என்று கேட்டவரிடம் இந்த இரண்டு எண்ணையும் காட்டுங்கள். பல பேருக்குக் கால் மணி நேரமே ரியல் டைமாகிவிடும்.

அடுத்தது ரிட்ரை, தோற்றதை மறுபடி முயல்வது. இதில் எனக்குக் கிடைத்த பாடம் கொஞ்சம் காஸ்ட்லி. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி வாக்கில் எதிர்ப்பக்க சிஸ்டத்தின் பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது. நடுவழியில் 40 மெசேஜ் மாட்டிக்கொண்டன. அந்த ஃப்ளோவில் ரிட்ரை முப்பது விநாடிக்கு ஒன்று, மேல் வரம்பு கிடையாது. எழுதியவன் நான்தான். திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஒருவர் லாகின் செய்து பார்க்கும்வரை 62 மணி நேரம். ஒரு மெசேஜுக்கு 7,440 முயற்சி. நாற்பதுக்கும் சேர்த்து 2,97,600. ஒழுங்கான மாதத்துக்கு என்று வாங்கி வைத்திருந்த கோட்டா சனி ராத்திரியே தீர்ந்து, மீதி எல்லாம் ஓவரேஜ் விலையில், அதாவது கோட்டாவைத் தாண்டியதற்கான கூடுதல் விலையில், ஏறியிருந்தது. வெண்டரிடம் கேட்டால், மீட்டர் சரியாகத்தான் ஓடியிருக்கிறது என்றார்கள். உண்மையும் அதுதான். அன்றிலிருந்து ஐந்து தடவைக்கு மேல் ரிட்ரை போடுவதில்லை. அதுவும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது மாதிரி. ஐந்தும் தோற்றால் மெசேஜ் தனி வரிசையில் ஒதுங்கி நிற்கும், யாருக்காவது அலர்ட் போகும்.

தோற்றுப்போன ரிட்ரையை எண்ணுகிறார்களா என்பது தளத்துக்குத் தளம் மாறும். ஸேப்பியரில் வெற்றி பெற்ற ஆக்‌ஷன் மட்டும்தான் டாஸ்க் என்று மேலே சொன்னேன், எல்லா இடத்திலும் அப்படி இல்லை. இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மூன்றாவது, டெஸ்ட் சூழல். டெவலப்மென்ட், டெஸ்ட், ப்ரொடக்‌ஷன் என்று மூன்று இல்லாமல் உருப்படியாக வேலை செய்ய முடியாது. வி-கோர் லைசென்ஸில் ப்ரொடக்‌ஷனுக்குத் தனி, அதற்கு முந்தைய சூழல்களுக்குத் தனி என்றுதான் கோட்டேஷன் வரும். பூமியில் டெஸ்ட் கனெக்‌ஷன் என்றே தனி ரகம் இருக்கிறது. பயன்பாட்டுக் கணக்கில் விற்கும் இடங்களில் டெஸ்டும் அதே மீட்டரில் ஏறலாம். லோட் டெஸ்ட் என்ற பெயரில் ஒரு மதியம் லட்சம் ஆர்டரை அனுப்பிவிட்டு அப்புறம் யோசிக்காதீர்கள்.

படி 5: காசு கட்டும் முறை

மீட்டர் வேறு, கட்டும் முறை வேறு. ஒரே மீட்டரை நான்கு விதமாக வாங்கலாம்.

பயன்படுத்தியபின் கட்டுவது. யூனிட் விலை அதிகம், கட்டாயம் எதுவும் இல்லை. உங்கள் எண்கள் ஊகமாக இருக்கும்வரை இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். முதல் மூன்று மாதம் இப்படி ஓட்டினால் ஷீட்டில் இருக்கும் ஊகமெல்லாம் உண்மையான எண்ணாகிவிடும்.

முன்பணமாக கிரெடிட் வாங்குவது. பெரிய கிளவுட் நிறுவனங்கள் விரும்பி விற்கும் முறை. கிரெடிட்டை அந்த நிறுவனத்தின் மற்ற சேவைகளுக்கும் செலவழிக்க முடியும் என்பது நல்ல விஷயம். ஆண்டு முடிந்ததும் மிச்சம் காலாவதியாகுமா, அடுத்த ஆண்டுக்குப் போகுமா என்பதுதான் கவனிக்க வேண்டியது. பல ஒப்பந்தங்களில் காலாவதியாகும்.

நிலையான சந்தா. ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு, நிலையான அளவு, டிஸ்கவுன்ட். இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். 30 சதவீதம் டிஸ்கவுன்ட் தருகிறார்கள் என்றால், வாங்கிய அளவில் 70 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தினால்தான் லாபம். அதற்குக் கீழே போனால், டிஸ்கவுன்ட் இல்லாமல் பயன்படுத்திய அளவுக்குக் கட்டியிருந்தாலே மலிவு. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். சந்தா எடுத்தால் உங்கள் அமைதியான மாதத்தின் அளவுக்கு எடுங்கள். விற்பனை மாதத்தின் உச்சிக்கு எடுத்தால் மீதி பதினோரு மாதமும் காற்றுக்குக் காசு கட்டுவீர்கள்.

கையில் இருக்கும் பழைய லைசென்ஸைக் கொண்டுவருவது நான்காவது. ஆரக்கிளில் இது வெளிப்படையாகவே இருக்கிறது: தகுதியான பழைய லைசென்ஸ் இருந்தால் ஒரு மெசேஜ் பேக்குக்கு மணிக்கு 5,000க்குப் பதில் 20,000 மெசேஜ். கேட்க நன்றாக இருக்கும். பழைய லைசென்ஸுக்கான ஆண்டு சப்போர்ட் தொகையையும் தொடர்ந்து கட்ட வேண்டும் என்பதைக் கூட்டிக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். மாறும் காலத்தில் ஒரே லைசென்ஸை பழைய சர்வரிலும் கிளவுடிலும் எத்தனை நாள் சேர்த்து ஓட்டலாம் என்றும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த சர்வரில் ஓட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், "ஃப்ரீ தானே" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அப்பாச்சி கேமல் என்ற இலவச இன்டெக்ரேஷன் மென்பொருள் 2007 முதல் இருக்கிறது, அப்பாச்சி 2.0 லைசென்ஸ், வணிகப் பயன்பாட்டுக்குத் தடை கிடையாது. எஸ்.ஏ.பி.யின் கிளவுட் இன்டெக்ரேஷனே உள்ளுக்குள் கேமல் மீதுதான் ஓடுகிறது. என்8என்னின் சமூகப் பதிப்பையும் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 2022 முதல் அது சஸ்டெய்னபிள் யூஸ் லைசென்ஸ் என்ற பெயரில் வருகிறது: உங்கள் நிறுவனத்தின் உள்வேலைக்குத் தாராளமாக ஓட்டலாம், அதையே சேவையாக்கி மற்றவர்களுக்கு விற்க முடியாது. கோட் திறந்து கிடக்கிறது என்பதால் எல்லாம் ஓப்பன் சோர்ஸ் என்று எண்ணிவிடக் கூடாது. செலவைப் பொறுத்தவரை இது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதை. சர்வர், பேக்கப், பாதுகாப்புப் பேட்ச், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்க்கும் ஆள் எல்லாம் உங்கள் செலவு. அந்த ஆள் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் தைரியமாக எடுங்கள்.

படி 6: எடிஷனில் ஒளிந்திருப்பவை

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அடிப்படை எடிஷனில் பெரும்பாலும் இல்லாதவை இவை: சிங்கிள் சைன்-ஆன் (ஒரே லாகினில் எல்லாவற்றுக்கும் நுழைவது), உள் நெட்வொர்க்கில் இருக்கும் சிஸ்டத்தோடு பேசத் தேவையான ஏஜென்ட், இ.டி.ஐ. மாதிரியான கம்பெனிக்குக் கம்பெனி பரிமாற்றம், நீண்ட நாள் லாக், விருப்பமான நாட்டில் தரவு வைப்பது. இவற்றில் ஏதாவது ஒன்று உங்களுக்குக் கட்டாயம் என்றால் மேல் எடிஷன்தான் உங்கள் உண்மையான விலை. கீழ் எடிஷனின் விலை விளம்பரத்துக்கு.

தன் சொந்த அப்ளிகேஷன்களுக்கு நடுவில் போகும் மெசேஜை எண்ணாமல் விடும் வெண்டர்களும் உண்டு. ஏற்கெனவே அவர்கள் மென்பொருளில்தான் உங்கள் வியாபாரம் நடக்கிறது என்றால் கேட்டுப் பாருங்கள். சில சமயம் உங்கள் ஷீட்டில் பாதி வரி இலவசமாகிவிடும்.

படி 7: ட்ரையலில் வேண்டுமென்றே ஒன்றை உடையுங்கள்

ட்ரையல் கொடுத்தால் டெமோ ஃப்ளோவை ஓட்டி நேரத்தை வீணடிக்க வேண்டாம். உங்கள் ஷீட்டில் இருந்து இரண்டு ஃப்ளோ எடுங்கள்: ஒன்று சின்னதாக அடிக்கடி ஓடுவது, ஒன்று பெரிய ஃபைல் கொண்டது. ஓட்டும் முன் ஒரு காகிதத்தில் "இத்தனை யூனிட் ஆகும்" என்று உங்கள் ஊகத்தை எழுதிவையுங்கள். ஓட்டியபின் டாஷ்போர்டில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு பாஸ்வேர்டைத் தப்பாக மாற்றிவைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடியும் பாருங்கள். ஊகமும் டாஷ்போர்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நீங்கள் வெண்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. மீட்டர் ஒரு நாள் தாமதமாகத்தான் புதுப்பிக்கப்படுகிறது என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓவரேஜைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது என்று அர்த்தம்.

படி 8: கையெழுத்துக்கு முன்

கோட்டா தீர்ந்தால் என்ன ஆகும்? ஃப்ளோ நின்றுபோகுமா, மெதுவாகுமா, ஓடிக்கொண்டே கூடுதல் விலை ஏறுமா? எது நல்லது என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. ஆர்டர் ஃப்ளோ நின்றால் வியாபாரம் நிற்கும், அங்கே ஓவரேஜ் பரவாயில்லை. உள் ரிப்போர்ட் அனுப்பும் ஃப்ளோ நின்றால் ஒன்றும் ஆகாது. ஓவரேஜின் யூனிட் விலை எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எண்ணாக இருக்க வேண்டும். "அப்போதைய விலைப்பட்டியலின்படி" என்று இருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

ரின்யூவலில் விலை எத்தனை சதவீதம் வரை ஏறலாம் என்று ஒரு உச்சவரம்பு எழுதி வாங்குங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஷரத்து இருந்தால், வேண்டாம் என்று எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று பார்த்து அந்தத் தேதியை இன்றே காலெண்டரில் போடுங்கள். அளவைக் குறைத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறதா என்றும் கேளுங்கள். கூட்டுவதற்கு எந்த வெண்டரும் தடை சொல்வதில்லை.

மீட்டரின் விளக்கம், அதாவது எது ஒரு மெசேஜ், எது ஒரு டாஸ்க் என்பது, ஒப்பந்தக் காலம் முழுக்க மாறாது என்ற வரி எனக்கு விலையைவிட முக்கியம். இந்தத் துறையில் மீட்டரே மாறிக்கொண்டிருக்கிறது. மேக் தளம் 2025 ஆகஸ்டில் ஆபரேஷன் (ஒரு மாட்யூல் ஒரு தடவை ஓடுவது) கணக்கிலிருந்து கிரெடிட் கணக்குக்கு மாறியது. லாஜிக் ஆப்ஸுக்கு ஐ.எஸ்.இ. என்று ஒரு தனிச் சூழல் திட்டம் இருந்தது. 2024 ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள், அதில் இருந்தவர்கள் எல்லாம் வேறு திட்டத்துக்கு மாற வேண்டியதாயிற்று.

வெளியேறும் வழியையும் இப்போதே பேசிவிடுங்கள். ஃப்ளோக்களை எந்த வடிவில் எடுத்துக்கொண்டு போகலாம், ஒப்பந்தம் முடிந்தபின் லாக் எத்தனை நாள் கிடைக்கும்? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இயங்குகிறீர்கள் என்றால் 2025 செப்டம்பர் 12 முதல் அமலில் இருக்கும் டேட்டா ஆக்ட் உங்கள் பக்கம். கிளவுட் மாற நினைப்பவரிடம் இரண்டு மாதத்துக்கு மேல் நோட்டீஸ் கேட்கக் கூடாது, 2027 ஜனவரி 12க்குப் பிறகு மாறுவதற்கென்று கட்டணமும் வாங்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம்.

வாங்கியபின் முதல் மாதம்

கோட்டாவில் 50, 75, 90 சதவீதத்துக்கு அலர்ட் வையுங்கள். 50 சதவீத அலர்ட் மாதத்தின் பதினைந்தாம் தேதிக்கு முன்பே வந்தால் அன்றைக்கே உட்கார்ந்து எந்த ஃப்ளோ என்று பார்த்துவிடுங்கள். அலர்ட் ஒரே ஆளின் மெயிலுக்குப் போக வேண்டாம். அவர் லீவில் இருக்கும் வாரத்தில்தான் அது வரும்.

முதல் பில் வந்ததும் படி 1இல் செய்த ஷீட்டைத் திறந்து, ஃப்ளோ ஃப்ளோவாக உங்கள் எண்ணையும் அவர்கள் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பொருந்தாத வரி ஏதாவது இருந்தால், அந்த ஃப்ளோவின் ஒரே ஒரு ரன்னை எடுத்து, அதன் ஐ.டி.யோடு டிக்கெட் போடுங்கள். "பில் அதிகமாக வந்திருக்கிறது" என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும். "இந்த ரன்னில் நான்கு படி, நீங்கள் ஏழு எண்ணியிருக்கிறீர்கள், மீதி மூன்று எது?" என்று கேட்டால் யாராவது உட்கார்ந்து எண்ணித்தான் ஆக வேண்டும்.